கான்கூனைத் தாண்டி ஒன்பது சுற்று

எவரார்தோவை என் மகளுக்கு ஞானத்தகப்பன் ஆக்கியது நான்தான். அம்மா சொன்னாள், புருஷன் சொன்னான் என்று யார் தலையிலும் கட்ட முடியாது. அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அடுப்பங்கரை வரை நுழையவிட்டு, கடைசியில் பிள்ளையையும் தூக்கி அவன் இடுப்பில் உட்கார வைத்தவள் நான். அதனால் திட்டுவதென்றால் முதலில் என்னைத் திட்டிக்கொண்டுதான் அவனிடம் வருவேன்.

கான்கூனில் ஒரு பெரிய கடற்கரை ஓட்டலில் சுற்றுலா மேசைக்குப் பின்னால் எட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்குக் கடல் வேண்டும், படகில் போய்த் திரும்ப ஒரு தீவு வேண்டும், படம் எடுத்துக்கொள்ள ஒரே ஒரு பிரமிட் வேண்டும். அந்தப் பிரமிட்டையும் ராத்திரிச் சாப்பாட்டு மேசை திறப்பதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் விமானமேறி, மெக்சிகோவைப் பார்த்துவிட்டோம் என்பார்கள். வாசல் மிதியடியில் நின்றுவிட்டு வீட்டையே பார்த்ததாகச் சொன்னால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப் பற்றிக்கொண்டு வந்த ஒரு நாளுக்கு மறுநாள்தான் எவரார்தோ என் மேசைக்கு வந்தான். தலைநகரத்திலிருந்து புதிதாக வந்த மேலாளர். அங்கிருந்து வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் 'வாச்' என்போம். அது மரியாதைக்குரிய சொல் இல்லை.

"லிஹியா, நேத்து அந்தக் கனடாக்காரங்களத் திட்டினியாமே?"

"திட்டல சார். இசமால்னு ஒரு ஊர் இருக்கு, ஊரே மஞ்சளா இருக்கும், போய்ப் பாருங்கன்னேன். அங்க கடல் இருக்கான்னு கேட்டாங்க. கடல் உங்க ஊர்லயும்தான் இருக்கு, இசமால் இருக்கான்னு கேட்டேன்."

அவன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். எட்டு வருஷத்தில் ஒரு மேலாளர் என் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "எனக்கே தெரியாது அந்த ஊர். காட்டு" என்றான். பிறகு சொன்னதுதான் என்னை அடியோடு சாய்த்தது. "கான்கூனைத் தாண்டி ஒரு நாடே இருக்குன்னு நீ சொல்ற. நீயே ஒரு வழி போடு. சீசன் ஆரம்பிக்கும்போது நீதான் தலைமை வழிகாட்டி. இந்த மேசை உனக்கு வேணாம்."

எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த மேசையை விட்டு எழுந்து, என் ஊர்களுக்குள் நானே ஆட்களை அழைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மே, ஜூன் மாதங்களில் ஆட்கள் வருவது குறைந்ததும் கிளம்பினோம். என் புருஷன் ஹேனரின் பழைய வேன். ஹேனர் ஓட்ட, எவரார்தோ முன்னால், நான் பின்னால். எனக்கு அப்போது ஏழு மாதம். எவரார்தோ ஓட்டல் அறையிலிருந்து எனக்காக ஒரு தலையணை கொண்டுவருவான். இறங்கும் இடத்திலெல்லாம் கதவைத் திறந்துவிடுவான். அந்தக் கரிசனம் பொய் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை. அதுதான் கூடுதலாக எரிகிறது.

வாயதோலித்தில் காலை ஆறு மணிக்குச் சந்தை வாசலில் நிற்கும் பெண்களைக் காட்டினேன். இசமாலில் மஞ்சள் மடத்தைக் காட்டிவிட்டு, எல்லோரும் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு தெரு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மெரிதாவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிழவன்களும் கிழவிகளும் சதுக்கத்தில் ஜோடி போட்டு ஆடுவதை அவன் ஒரு மணி நேரம் நின்று பார்த்தான். கம்பேச்சேயில் கோட்டைச் சுவருக்கு வெளியே மீன்காரர்கள் சாப்பிடும் கடையில் சுறாவும் பீன்ஸும் அடுக்கிய ரொட்டியை மூன்று தட்டு தின்றான். அவன் கேள்வி கேட்பான், நான் சொல்வேன், ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வான். மனுஷன் எவ்வளவு ஆசையாகக் கேட்கிறான் பார் என்று நான் பூரித்துப் போனேன்.

வழி என்பது தெருவும் கோயிலும் இல்லை. அதை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். வழி என்பது கதவு. எங்கள் பக்கத்தில் அந்நியனுக்கு முன்வாசலில் காபி கொடுப்பார்கள், நாற்காலி போடுவார்கள், ஆனால் பின்கட்டுக்கு விடமாட்டார்கள். தெகாஷில் எல்சி அக்காவின் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, மசாலா தடவிய பன்றியை வாழையிலையில் சுற்றி ராத்திரி முழுக்கப் புதைத்து வைப்பாள். அந்தக் குழியைத் திறக்கும்போது வரும் வாசனைக்காகவே எவரார்தோவை அங்கே கூட்டிப் போனேன். எல்சி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கள் மாயா மொழியில் என்னைக் கேட்டாள்.

"யாருடி இந்த வாச்?"

"என் கொம்பாத்ரே அக்கா" என்றேன்.

கொம்பாத்ரே என்றால் என் பிள்ளையின் ஞானத்தகப்பன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு படி மேல். கொம்பாத்ரேயோடு சண்டை போடக் கூடாது, அவன் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது, அவனைப் பற்றி நாலு பேரிடம் குறை பேசக் கூடாது. பிள்ளை இன்னும் வயிற்றில்தான் இருந்தது. நான் சொன்னது பச்சைப் பொய். ஆனால் கதவு திறக்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் வாயிலிருந்து தன்னால் வரும் பொய் அது. எல்சி அக்கா உடனே முகம் மலர்ந்து, "அத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். கம்பேச்சே போய்ச் சேர்வதற்குள் எவரார்தோவே பழகிக்கொண்டான். நான் வேனிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்குள் அவன் வாசலில் நின்று, நெஞ்சில் கைவைத்து, "நான் லிஹியாவோட கொம்பாத்ரே" என்பான். அவன் அந்தச் சொல்லை உச்சரிக்கும் விதத்தைக் கேட்டு நானும் ஹேனரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மா கான்ஹாவில் இருக்கிறாள், வாயதோலித்திலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே. அந்த ஊர்தான் என் வழியின் கடைசி நிறுத்தம்.

"வெறும் வாயால அந்த வார்த்தையச் சொல்லிட்டு ஊரெல்லாம் சுத்தறியாமே. அது என்ன செருப்பா, வேணுங்கறப்ப மாட்டிக்கறதுக்கு? சொன்னா சொன்னதுதான். பிள்ளை பொறந்ததும் அந்த ஆளையே வரச்சொல்லி ஹெட்ஸ்மேக் சடங்கு பண்ணிடு. அப்பதான் நீ சொன்னது பொய்யில்லன்னு ஆகும்."

சுலெமி ஜூலையில் பிறந்தாள். அக்டோபரில், அவளுக்கு மூன்று மாதம் முடிந்ததும், அம்மா வீட்டு முற்றத்தில் ஹெட்ஸ்மேக் நடந்தது. அதுவரை கைகளில் கிடத்தித்தான் பிள்ளையைத் தூக்குவோம். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலை அகட்டி இடுப்பில் உட்கார வைப்பது. அதைச் செய்வது ஞானத்தகப்பன். மேசையில் புத்தகம், பென்சில், ஊசி நூல், கத்தரிக்கோல், அவித்த முட்டை, பூசணி விதை என்று ஒன்பது பொருள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசையை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு பொருள் பிள்ளையின் கையில் கொடுத்து, இது உனக்கு எதற்கு என்று காதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விதையைக் கிண்ணத்தில் போடுவாள் அம்மா. பாதியில் நிறுத்தினால் பிள்ளைக்கு நடை வராது என்பது எங்கள் ஊரின் பயம். மழையே வந்தாலும் ஒன்பதை முடித்துவிட்டுத்தான் உள்ளே ஓடுவார்கள்.

எவரார்தோ நன்றாகச் செய்தான். பென்சிலைச் சுலெமியின் விரலுக்குள் வைக்கும்போது அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவனோடு வந்த ஒருவன் முழுவதையும் படமெடுத்தான். ஞாபகத்துக்கு, என்றான் எவரார்தோ. மேசையை இந்தப் பக்கம் திருப்பிப் போட முடியுமா, வெயில் முகத்தில் விழட்டும் என்று கேட்டான். மூன்றாவது சுற்றை மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

முடிந்ததும் நாங்கள் கட்டிக்கொண்டோம். அந்த நிமிஷத்திலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொமாத்ரே; நீ, வா, போ கிடையாது. "கொமாத்ரே, உங்களுக்கு என்ன வேணும்னாலும் என்கிட்டக் கேளுங்க" என்றான். மேலாளர் என்னை நீங்க என்கிறார் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பரில் அவன் ஓட்டலை விட்டான். சொந்தமாகச் சுற்றுலா நிறுவனம் தொடங்கப் போகிறேன், நீங்கள்தான் முதல் ஆள், அதுவரை வேலையை விட்டுவிடாதீர்கள், ஜனவரிக்குள் கூப்பிடுகிறேன் என்றான். எனக்குப் பேறுகால விடுப்பு முடிந்துவிட்டது. கான்கூனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். சுலெமியை அம்மாவிடம் விட்டேன். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். திரும்பும்போது மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வருவேன். ஜனவரிக்குப் பிறகு என் வழியிலேயே வாரத்துக்கு இரண்டு தடவை கான்ஹாவுக்குப் போவேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் வாரங்கள் ஓடின.

ஹேனருக்கும் நல்ல வேலை கிடைத்திருந்தது. ஒரு பெரிய ஏசி பஸ்ஸை விமான நிலையத்துக்கு ஓட்டுகிறேன் என்றான். அம்மா வீட்டில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. திருவிழாக் குழுவுக்கு என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சொந்த அம்மாவிடம் நாற்காலிக்குக் கணக்குக் கேட்பார்களா?

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை எல்சி அக்கா போன் செய்தாள்.

"என்னடி, ஒரேயடியா வீட்டுல உக்காந்துட்டியாமே? உடம்பு நல்லாத்தான இருக்கு?"

"நான் எங்கக்கா உக்காந்தேன்? ஓட்டல்லதான் இருக்கேன்."

"ஓட்டல்லயா? உன் கொம்பாத்ரே அப்படிச் சொல்லலையே. கைக்குழந்தைக்காரி, வெளிய வரமாட்டா, அவதான் என்னை அனுப்பினான்னு சொல்றாரு. டிசம்பர்லேருந்து வாராவாரம் செவ்வாய்க்கிழமை வந்துடறாங்க, இருபத்திரண்டு பேரு. நல்லாச் சாப்பிடறாங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா பாரு, குழிக்குப் பக்கத்துல நின்னு படமெடுக்கறேன்னு என் கோழிக்குஞ்சு ரெண்ட மிதிச்சுட்டாங்க. நீ கூட வந்தா இப்படி நடக்குமா?"

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு வியாழக்கிழமை, உங்கம்மா வீட்டுக்குப் போவாங்க. நேத்து அந்த வழிகாட்டிப் பையன் சொன்னான். நீ இருப்பல்ல?"

"இருப்பேன்" என்றேன்.

என் வழி. என் தெரு, என் சந்தை, என் மீன்காரக் கடை. நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் என் பெயரைச் சொல்லித்தான் நுழைகிறான். நான் கொடுத்த சொல்லாலேயே என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். அன்று ராத்திரியும் ஹேனர் வரவில்லை, விமானம் தாமதம் என்று வழக்கம்போல் செய்தி அனுப்பியிருந்தான். பாவம், தூக்கம் கெடுகிறது என்று அவனுக்காக வருத்தப்பட்டேன். அப்படி ஒரு மடச்சி நான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வாயதோலித், அங்கிருந்து ஷேர் டாக்ஸி. கான்ஹாவில் இறங்கும்போது பத்தரை மணி. அம்மா வீட்டு வேலிக்கு முன்னால் ஒரு வெள்ளை பஸ் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'கான்கூனைத் தாண்டி'. எழுத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு குழந்தையின் முகம், வெயில் விழும் பக்கமாகத் திரும்பிய முகம். சுலெமியை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததே இல்லை.

ஓட்டுநர் இருக்கையில் ஹேனர் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மெல்லுவது நின்றது.

"விமான நிலையத்துக்கு ஓட்டறேன்னு சொன்ன."

"அங்கேருந்துதான் ஏத்திட்டு வர்றேன்."

"ஹேனர்."

"கத்தாத லிஹியா, உள்ள ஆளுங்க இருக்காங்க." அவன் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் பார்த்தான். "அவர் உங்கிட்ட சொல்றேன்னாரு. ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் சொல்லிடறேன், நீ வாயத் தொறக்காதன்னாரு. கொம்பாத்ரே சொல்லும்போது நான் எப்படி... வேலைய நிரந்தரமாக்கிட்டாங்க லிஹியா. நம்ம நல்லதுக்குத்தான்."

"எனக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, ஜனவரிக்கு அவர் கூப்பிடுவார்னு நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு இருந்தியேடா."

அவன் ஆரஞ்சுத் தோலைச் சட்டைப் பையில் திணித்தான். அவனோடு நிற்க எனக்கு நேரம் இல்லை. உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. மந்திரம் சொல்லும் குரல்.

முற்றத்தில் சப்போட்டா மரத்தடியில் முப்பது நாற்காலிகள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்கள், கையில் போன்கள். நடுவில் அதே மேசை, அதே புத்தகம், அதே கத்தரிக்கோல், அவித்த முட்டை. வெள்ளைத் தாடி வைத்த ஒரு அமெரிக்கக் கிழவர் என் மகளை இடுப்பில் உட்கார வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சுலெமி பூவேலை செய்த வெள்ளை அங்கி போட்டிருந்தாள். அந்த அங்கியை நான் வாங்கவில்லை. எவரார்தோ மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா கிண்ணத்தில் விதை போட்டாள்.

நேராக மேசைக்குப் போய்க் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாலாவது சுத்து" என்றாள் மாயாவில், குரலை உயர்த்தாமல். "பாதியில நிறுத்தப் போறியா? பிள்ளைக்கு நடை வரவேணாமா உனக்கு?"

நான் நின்றுவிட்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அது நாடகம், டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குக் காட்டும் நாடகம் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்தவள், மூன்று மொழி பேசி எட்டு வருஷம் உலகத்தையே மேசைக்கு எதிரே பார்த்தவள். ஆனால் ஏழு மாதக் குழந்தை இன்னும் நிற்கக்கூட ஆரம்பிக்கவில்லை, கிண்ணத்தில் நாலு விதைதான் விழுந்திருக்கிறது. கை வரவில்லை.

எவரார்தோ பக்கத்தில் வந்தான். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. "வாங்க கொமாத்ரே. இன்னும் அஞ்சுதான். நில்லுங்க" என்றான் மெல்ல. நான் நிறுத்தமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

நின்று எண்ணினேன். ஐந்து. ஆறு. கிழவர் ஒவ்வொரு சுற்றிலும் நின்று, குனிந்து, சுலெமியின் காதில் ஏதோ சொன்னார். ஒருவரும் அவசரப்படவில்லை. என் மகளும் ஊசி நூலை வாங்கிக் கீழே போடுவதும் முட்டையைப் பிசைவதுமாக, எது எப்போது வரும் என்று தெரிந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது விதை விழுந்ததும் பிள்ளையைப் பிடுங்கினேன்.

"எத்தன தடவைம்மா?" என்றேன் மாயாவில்.

"வியாழக்கிழமை மட்டும்தான்."

"எத்தனன்னு கேட்டேன்."

"இன்னியோட பதினொண்ணு." அம்மா கிண்ணத்தையே பார்த்தாள். "மொத தடவ, நீ சம்மதிச்சுட்டேன்னு சொன்னாரு. கொம்பாத்ரே பொய் சொல்வாரா?"

"ரெண்டாவது தடவ?"

அம்மா நிமிர்ந்தாள். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. "ரெண்டாவது தடவ எனக்குத் தெரியும். என்ன இப்ப? யாருடி அந்த ஆள மொதல்ல கூட்டிட்டு வந்தது? என் அடுப்பங்கரையில உக்கார வச்சு, அம்மா ரொட்டி தட்டறதப் பாருங்கன்னு காட்டினது யாரு? அப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சுன்னா நெனச்ச? நீ ஞாயித்துக்கிழமை பிள்ளையப் போட்டுட்டுப் போயிடற. வாரம் பூரா நானும் இவளும் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம். ஒரு நாள் நாலு பேரு வந்து சிரிச்சுட்டுப் போறாங்க. உனக்கு அதுலயும் பொறுக்கலையா?"

"நான் பெத்த பிள்ளைக்குப் பதினொரு ஞானத்தகப்பனாம்மா? அந்த ஆளோட சேத்துப் பன்னிரண்டு. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா இதுல எவன் வந்து நிப்பான்?"

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். நாற்காலிக்காரர்கள் எல்லோரும் போனை என் பக்கம் திருப்பியிருந்தார்கள். எவரார்தோவுக்கு மாயாவில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் இரண்டு கையையும் விரித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்.

"குழந்தையின் தாய் வந்திருக்கிறார். புதிய ஞானத்தகப்பனுக்கு ஆசி கூறுகிறார்."

கை தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் வயிறு எரிந்து வந்த வார்த்தையை எடுத்து, மடித்து, இனிப்புத் தடவி அவர்களுக்குப் பரிமாறிவிட்டான். நான் ஆங்கிலத்துக்கு மாறினேன். அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் எட்டு வருஷம் அவர்களுக்குக் கடலையும் தீவையும் விற்றேன்.

"ஆசி இல்லை. இவள் என் மகள். இவளை இதற்குக் கொடுக்க யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்தச் சடங்கு ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். இவளுக்கு அது அக்டோபரிலேயே முடிந்துவிட்டது."

ஒரு தொப்பிக்காரி எவரார்தோவின் பக்கம் சாய்ந்து, இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததா என்று கேட்டாள். யாரோ போனைக் கீழே இறக்கினார்கள். யாரோ இறக்கவில்லை. வெள்ளைத் தாடிக் கிழவர் மட்டும் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, எனக்குத் தெரியாது. இது நிஜம் என்று சொன்னார்கள். என் மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள், எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை... நான் உண்மையாகத்தான் சொன்னேன், அவள் காதில். இனி நான் இவளுக்கு என்ன செய்ய வேண்டும்?"

அந்த முற்றத்தில் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஒன்றும் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

எவரார்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரும் கிணற்றங்கரைக்குப் போகலாம் என்று வழிகாட்டிப் பையனிடம் சைகை காட்டினான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"கொமாத்ரே, கோபத்துல பேசாதீங்க. நீங்கதான சொன்னீங்க, கான்கூனத் தாண்டி ஒரு நாடு இருக்கு, யாரும் பாக்கறதில்லன்னு? இப்பப் பாக்கறாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் உங்க பேரத்தான் சொல்றேன்."

"என் பேர் எல்லா வீட்டுலயும் இருக்கு. நான் எங்க இருந்தேன்?"

"உங்களுக்குக் கைக்குழந்தை. அலைய முடியாதுன்னு..."

"என் கைக்குழந்தை எங்க இருந்தா? உன்னோட இருந்தா." நீ என்று சொல்லிவிட்டேன். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ எனக்குக் கொம்பாத்ரே இல்ல. எல்சி அக்காகிட்டயும் சொல்வேன், கம்பேச்சே வரைக்கும் ஒவ்வொரு வாசல்லயும் போய்ச் சொல்வேன்."

அவன் வருத்தமாகப் புன்னகைத்தான். "நீங்க சொல்ல மாட்டீங்க. கொம்பாத்ரேயப் பத்திக் குறை பேசற பொம்பளைக்கு உங்க ஊர்ல எவன் கதவு தொறப்பான்? நீங்கதான சொன்னீங்க."

"அவர் உனக்குக் கொம்பாத்ரேதான்" என்றாள் அம்மா. சிலுவை போட்டுக்கொண்டாள். "நீ இல்லன்னா இல்லாமப் போயிடுமா? கடவுளுக்கு முன்னால பண்ணது. சாகற வரைக்கும் அவர்தான்."

அது உண்மை. அவன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு உண்மை. ஒரு வழியை எடுத்துக்கொண்டான், ஒரு புருஷனை, ஒரு அம்மாவை எடுத்துக்கொண்டான், ஆனால் உறவை மட்டும் என்னால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

சுலெமியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இனி இந்த வீட்டில் விடமாட்டேன் என்றேன். வேலைக்கு என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். பூவேலை அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். உள்ளே போய் அவளுடைய பழைய சட்டையும் இரண்டு துணியும் எடுத்துக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை. அடுத்த வியாழனுக்கு யாருடைய பிள்ளையைக் கேட்கலாம் என்று அப்போதே யோசித்தாளோ என்னவோ. அப்படி நினைத்ததற்கு எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனால் நினைத்தேன்.

வேலி வாசலில் எவரார்தோ பஸ்ஸின் கதவில் கைவைத்து நின்றிருந்தான். ஹேனர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "இரு, வாயதோலித்துல எறக்கி விடறேன், இந்த வழியாத்தான் போவோம்" என்றான். நான் திரும்பவில்லை. மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவர்களைக் கடந்தேன்.

அப்போதுதான் சுலெமி அவனைப் பார்த்தாள். இரண்டு பல் தெரியச் சிரித்தாள். எவரார்தோ கையை நீட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், அவன் சும்மாதான் நின்றான். அவள்தான் என் தோளைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, அவனிடம் தாவினாள். இழுத்துப் பிடித்தேன். வில்லாக வளைந்தாள். வீறிட்டாள். தார்ச்சாலை வரை ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். அவ்வளவு தூரமும் என் மகள் என் இடுப்பில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்துக்கொண்டு, அவனிடம் போக வேண்டும் என்று அழுதாள்.